பத்ரிநாத் சேர்த்த வௌவால்கள்

2005 அக்டோபரில், காற்றாலைக் கம்பெனியின் கேம்ப் அலுவலகத்துச் சின்ன அறையில் அன்று இருந்தவர்கள் வருமாறு: மேஜையின் தலைப்பக்கம் மேலாளர் அருணாச்சலம், அவருக்கு வலப்புறம், ஃபேனுக்கு நேர் கீழே, பத்ரிநாத், எதிரே, கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த வௌவால் ஆராய்ச்சியாளர் ஸ்ரீலக்ஷ்மி, கதவோரம் டைப்பிஸ்ட் விசாலாக்ஷி.

"மலை மேல விண்ட்மில் நட்டா, சுத்தற றெக்கையில வௌவால் அடிபடும்னு கடன் குடுக்கிற பேங்க் பயப்படறது. எவ்வளவு பறக்குதுன்னு முதல்ல பார்க்கணும்," என்றார் அருணாச்சலம். "பத்ரி, இந்த மாசம் பூரா சாயங்காலம் நீங்க போய்ப் பாருங்க. விண்ட்மில் வந்தா சைட் இன்சார்ஜும் நீங்கதான். ரெண்டு வருஷம் அங்கேயே தங்கணும்."

ஃபேன் காற்றிலும் பத்ரிநாத்துக்கு வியர்த்தது.

விஷ்ராந்த்வாடி வீட்டில் அவர் மனைவி பட்டு சப்பாத்திக் கட்டையைக் கீழே வைக்காமலே கேட்டாள். "ப்ரீதிக்கு டென்த். நான் மலைக்கு வரமாட்டேன். தனியா இருந்து வெந்நீராவது போட்டுக்கத் தெரியுமா உங்களுக்கு?"

"வௌவால் நிறைய இருந்தா பிராஜெக்டே வராதுடி."

"அப்போ நிறைய இருக்கும்படியாப் பாருங்கோ!"

ஸ்ரீலக்ஷ்மி கொடுத்திருந்த கருவி, நம் காதுக்கு எட்டாத வௌவால் சத்தத்தை 'டிக் டிக்'கென்று மாற்றித் தரும். முதல் நாள் மலையில் பத்ரிநாத்தின் கொட்டாவி மட்டுமே கேட்டது.

மறுநாள் ஒரு கூடை கொய்யாப்பழம் வாங்கிப்போய்ப் புதர்களில் கட்டித் தொங்கவிட்டார்.

"பூஜையா சார்?" என்றார் டிரைவர் இஸ்மாயில்.

"சும்மா இருய்யா. அதோ குரங்கு! கல்லை எடு!"

ஒரு குரங்கு கருவியின் வயரைக் கடித்துப் பார்த்துவிட்டுப் போனது. பொழுது சாய்ந்ததும் பெரிய வௌவால்கள் நிஜமாகவே வந்து மிச்சப் பழத்தைத் தின்றன. கருவி மட்டும் வாயே திறக்கவில்லை.

போனில் ஸ்ரீலக்ஷ்மி சிரித்தாள். "பழந்தின்னி வௌவால் இதுல கேட்காதுங்க சார். பூச்சி புடிக்கிறதுதான் கத்திக்கிட்டே பறக்கும்."

பூச்சி! பத்ரிநாத் ஜீப் பேட்டரியில் ஒரு பெரிய பல்பை மாட்டினார். மலையிலிருந்த பூச்சியெல்லாம் அவர் சட்டைக்குள் புகுந்தது. பின்னாலேயே சின்ன வௌவால்கள் கூட்டமாக வந்தன. கருவி, எண்ணெயில் போட்ட கடுகாக வெடித்தது. திரும்பும்போது பேட்டரி தீர்ந்துபோய் ஜீப் கிளம்பவில்லை; பத்ரிநாத் தள்ளினார்.

"வௌவாலுக்கு இவ்ளோ சேவை யாரும் செஞ்சதில்ல சார்," என்றார் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த இஸ்மாயில்.

மாதம் முழுக்க இதே திருவிழா. முடிவில் ஸ்ரீலக்ஷ்மி பூரித்துப் போனாள். "இவ்வளவு பொறுமை எங்க ஆளுங்களுக்கே கிடையாதுங்க சார்!"

அருணாச்சலம் அறிக்கையைப் படித்தார். "நிஜமாவே இவ்வளவு இருக்கா?"

"காது குளிரக் கேட்டேன் சார்."

"அப்போ பேங்குக்கு அனுப்பிடுங்க."

பத்ரிநாத் அறிக்கையைத் தாமே மடித்து, உறையில் போட்டு, கோந்து தடவி, ஓரம் பிரியாமல் அழுத்தி ஒட்டி, கூரியர்காரரிடம் நீட்டினார். ஸ்கூட்டர் தெருமுனை திரும்பும்வரை ஜன்னலில் நின்று பார்த்தார்.

"அப்பாடா! பிராஜெக்ட் போச்சு."

"எங்கே சார் போச்சு?" விசாலாக்ஷி டைப் அடிப்பதை நிறுத்தவில்லை. "பேங்க் ரூல்படி வௌவால் நிறைய இருந்தா, விண்ட்மில் நடறதுக்கு முன்னாடி ஒரு வருஷம் மலையிலேயே தங்கிக் கணக்கெடுக்கணுமாம்; அதுக்கு உங்களை விட்டா ஆளே இல்லேன்னு ஸ்ரீலக்ஷ்மி மேடம் அடிச்சுச் சொல்லிட்டாங்க, நம்ம மேனேஜர் சார் உங்களுக்கு ரெண்டு வருஷத்தை மூணா மாத்திட்டார்!"