இடுப்புக்கு ஏற்ற துப்பாக்கி

துப்பாக்கி வைத்துக்கொள்வது என்று பர்னபாஸ் முடிவு செய்தபோது அவர் முகம் கழுவிக்கொண்டிருந்தார். கண்ணில் சோப்பு எரிந்தது. பெரிய முடிவுகளை அவர் எப்போதும் கண்ணை மூடிக்கொண்டுதான் எடுப்பார்.

காரணம் இல்லாமல் இல்லை. மகள் ஜெசிக்குச் சனிக்கிழமை கல்யாணம். அவளுக்கான சங்கிலியும் வளையல்களும் க்யிம்யிண்டைங் பகுதியில் மனைவி செலினுடைய அக்கா வீட்டு இரும்புப் பெட்டியில் இருந்தன. பர்மாவில் நோட்டுகள் செல்லாமல் போன காலத்திலிருந்து யங்கோனில் பாங்கை நம்புகிறவர்கள் குறைவு. அக்காவை நம்புகிறவர்கள் அதிகம். அந்த நகைகளைத் தாமுவேயில் இருக்கும் தன் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். டாக்ஸி வேண்டாம் என்று செலின் சொல்லிவிட்டாள். போன மாதம்தான் ஒரு டாக்ஸிக்காரன் யாரையோ எங்கேயோ கொண்டுபோய் இறக்கிவிட்டானாம். பஸ்ஸில்தான் வர வேண்டும். பஸ்ஸில் பிக்பாக்கெட்காரர்கள் டிக்கெட் வாங்காமல் ஏறுகிறார்கள்.

"நகையை நான் கொண்டு வர்றேன்" என்றார் பர்னபாஸ், துண்டால் முகத்தைத் துடைத்தபடி.

செலின் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நீங்களா?"

அவ்வளவுதான் கேட்டாள். அந்த ஒரு சொல்லுக்குள் முப்பது வருடக் குடும்ப வரலாறு இருந்தது. பஸ்ஸிலும் டீக்கடையிலும் கோயில் பெஞ்சிலும் அவர் விட்டுவிட்டு வந்த குடைகள் எல்லாம் அதில் இருந்தன. ஜெசியின் ஞானஸ்நானத்துக்குச் செய்யச் சொன்ன கேக்கை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர், இறங்கும்போது மடியோடு மட்டும் இறங்கிய நாளும் இருந்தது. அந்தக் கேக் கடைசி நிறுத்தம்வரை தனியாகப் போனது.

பர்னபாஸ் கெட்டவரல்ல. கியாக்டடாவில் ஒரு கப்பல் தரகர் ஆபீசில் தலைமை எழுத்தர். ஒரு காகிதமும் தவறியதில்லை. ஆபீசில் எதையும் தவறவிடாதவர், வீட்டுப் பொருள் என்றால் மட்டும் ஏன் விட்டுவிடுகிறார்? இதை அவரே பல தடவை யோசித்திருக்கிறார். செலின் பத்திரமாக வைத்திருப்பாள் என்ற நம்பிக்கையில் தன் மூளை ஓய்வெடுத்துக்கொண்டதோ? அல்லது அவள் நம்பாததால்தான் தவறுகிறதோ? யோசித்துக்கொண்டே ஒரு நாள் குடையை விட்டுவிட்டு வந்தார்.

இந்தத் தடவை அப்படி ஆகக்கூடாது. மகளின் தங்கத்தைத் தகப்பன் கையால் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரே ஒரு தடவை செலின் அவரைப் பார்த்து "பரவாயில்லையே" என்று சொல்ல வேண்டும்.

அதற்குத்தான் துப்பாக்கி.

திங்கட்கிழமை ஆபீஸ் முடிந்ததும் அமீர் அலியின் கடைக்குப் போனார். படகுகளில் வரும் தாய்லாந்துச் சாமான்கள் எல்லாம் அங்கே கிடைக்கும். சீப்பு, கடிகாரம், சுருக்கமில்லாத சட்டை. அமீர் அலியின் மனைவி லத்தீபா ஒரு மூலையில் உட்கார்ந்து பொத்தான்களை அட்டையில் தைத்துக்கொண்டிருந்தாள்.

"பாய், ஒரு சாமான் வேணும்" என்று பர்னபாஸ் குரலைத் தாழ்த்தினார். "சின்னதா. கனமில்லாம. வெளிய தெரியக்கூடாது."

"ரேடியோவா?"

"சுடுறது."

அமீர் அலி எழுந்து போய்க் கடைக் கதவைப் பாதி சாத்தினான். திரும்பி வந்து பர்னபாஸின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

"காய்ச்சல் ஒண்ணும் இல்லையே. அண்ணே, நீங்க கேட்டதை நான் கேக்கல. நான் கேட்டா எனக்கு ஜெயில். நீங்க கேட்டா உங்களுக்கு ஜெயில். ரெண்டு பேரும் ஒரே அறையில இருந்தா நீங்க பாட்டு வேற பாடுவீங்க."

பர்னபாஸ் கோயில் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுகிறவர். அவருக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

"நிஜம் வேணாம் பாய். பாக்க நிஜம் மாதிரி இருந்தாப் போதும். பயந்து ஓடணும், அவ்வளவுதான்."

உண்மையில் அது அவருக்கு நிம்மதியாகவே இருந்தது. 'கொலை செய்யாதே' என்ற கட்டளை முந்தின ராத்திரி அவரைத் தூங்கவிடவில்லை. பொம்மைக்குக் கட்டளை இல்லை.

"அப்படின்னா புதன்கிழமை வாங்க" என்றான் அமீர் அலி.

புதன்கிழமை மூன்று துப்பாக்கிகள் துணியில் சுற்றிக் காத்திருந்தன. மூன்றும் சிகரெட் பற்றவைக்கிற லைட்டர்கள். விசையை அழுத்தினால் முனையில் தீ வரும்.

"இதைக் காட்டி மிரட்டும்போது கை பட்டுத் தீ வந்துட்டா?"

"சிகரெட் வேணுமான்னு கேளுங்க."

தேர்வு தொடங்கியது. வெள்ளைக்காரர் நாடுகளில் கால்சட்டைக்குப் பை உண்டு. அங்கே பைக்கு ஏற்ற துப்பாக்கி செய்கிறார்கள். லுங்கிக்குப் பை இல்லை. யங்கோனில் ஆண்கள் பர்ஸை லுங்கியின் பின்பக்க மடிப்பில் செருகிக்கொண்டுதான் ஊரெல்லாம் சுற்றுகிறார்கள். அந்த மடிப்பு தாங்குகிற துப்பாக்கியை இதுவரை எந்த நாட்டுக்காரனும் செய்ததாகத் தெரியவில்லை.

முதல் துப்பாக்கி நீளமானது, அழகானது. இடுப்பில் செருகிக்கொண்டு பர்னபாஸ் கடைக்குள் நடந்தார். நான்காவது அடியில் துப்பாக்கி கீழே போகத் தொடங்கியது. லுங்கியும் கூடவே போனது.

"பாத்து அண்ணே, பொம்பளை இருக்கா" என்றான் அமீர் அலி.

இரண்டாவதற்கு ரிவால்வர் மாதிரிக் குண்டு போடுகிற உருளை உண்டு. செருகினால் முதுகில் பலாக்கொட்டை வைத்துக் கட்டியது போல் துருத்தியது. உட்கார்ந்து பார்த்தார். உடனே எழுந்தார்.

மூன்றாவது உள்ளங்கைக்குள் அடங்கியது. பாதி கரைந்த குளியல் சோப்பு மாதிரி இருந்தது. கனமே இல்லை. செருகினார், நடந்தார், குனிந்தார், உட்கார்ந்தார், மண்டியிட்டார். இருந்த இடத்திலேயே இருந்தது.

"ஆனா பாய், இது ரொம்பச் சின்னதா இருக்கே. இதைப் பாத்து எவன் பயப்படுவான்?"

இங்கேதான் அவருடைய பழைய நோய் பிடித்துக்கொண்டது. கனமானது பயமுறுத்தும், ஆனால் லுங்கியை இழுக்கும். லேசானது லுங்கியைக் காக்கும், ஆனால் பயமுறுத்தாது. மானம் பெரிதா, தங்கம் பெரிதா? பெரியதை எடுத்துக் கையில் பிடித்தார். சின்னதை எடுத்தார். திரும்பப் பெரியதை எடுத்தார். வெளியே இருட்டத் தொடங்கியது.

மூலையிலிருந்து லத்தீபா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"சின்னதையே எடுத்துக்குங்க அண்ணே. உங்க இடுப்புக்கு அதுதான் தாங்கும்" என்று சிரித்தாள்.

அவள் எதற்குச் சிரித்தாள் என்று அவருக்கு அப்போது புரியவில்லை. ஆனாலும் ஒரு பெண் தெளிவாகச் சொன்னதும் மனம் அமைதியாகிவிட்டது. வீட்டிலும் அவருக்கு அப்படித்தான்.

வியாழக்கிழமை மாலை செலின் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"நான் தனியாப் போறேன்னுதானே சொன்னேன்?" என்றார் பர்னபாஸ்.

"அக்காவைப் பாத்து எத்தனை நாளாச்சு. நான் சும்மா கூட வர்றேன். நகைப் பெட்டியை நீங்களே எடுத்துக்கிட்டு வாங்க. நான் தொடக்கூட மாட்டேன்."

இவ்வளவு சுலபமாகவா? பர்னபாஸ் அதை நம்பவில்லை. பிறகு தன்னையே கடிந்துகொண்டார். மனைவி ஒரு தடவை நம்புகிறாள், அதைச் சந்தேகப்படுகிற நீ எப்படிப்பட்ட ஆள்? செலின் அறியாமல் துப்பாக்கியைப் பின்பக்க மடிப்பில் செருகி, சட்டையை மேலே இழுத்துவிட்டார்.

அக்கா வீட்டில் டீயும் பேச்சும் நடந்தன. பிறகு அக்காவும் தங்கையும் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நீண்ட நேரம் ஆயிற்று. வெளியே வந்தபோது செலின் கையில் துணி சுற்றிக் கட்டிய பிஸ்கட் டின் இருந்தது. கூந்தலைப் புதிதாக அள்ளிப் பெரிய கொண்டையாகப் போட்டு, அதைச் சுற்றி மல்லிகை நெருக்கமாக வைத்திருந்தாள்.

"எதுக்கு இவ்வளவு பூ?"

"கல்யாண வாரம். அக்கா வச்சு விட்டா. இந்தாங்க, பத்திரம்."

டின்னை அவர் இரண்டு கையாலும் வாங்கினார். தோள்பையில் வைத்து, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். செலின் பக்கத்தில் நடந்தாள். கழுத்தைத் திருப்பாமல், விறைப்பாக, நேரே பார்த்து நடந்தாள். முப்பது வருட அனுபவத்தில் அவருக்கு அந்தக் கழுத்து தெரியும். கோபம்.

"கோபமா செலின்?"

"இல்லீங்க."

திரும்பாமலே சொன்னாள். அப்படியானால் நிச்சயம் கோபம்தான். அக்கா ஏதாவது சொல்லியிருப்பாள்.

பழைய ஜப்பான் பஸ் படிவரை நிறைந்து வந்தது. இருவரும் நடுவில் நின்றார்கள். பர்னபாஸ் ஒரு கையால் கம்பியைப் பிடித்தார், மறு கையால் பையை அணைத்தார். பின்னால் இரண்டு வாலிபர்கள். ஒருவன் கையில் மடித்த செய்தித்தாள். அதை அவன் படிக்கவில்லை. ஒவ்வொரு குலுக்கலுக்கும் பையை நோக்கி ஒரு அங்குலம் வந்தான்.

இதுதான் நேரம். பின்னால் கையைக் கொண்டுபோய்ப் பிடியைத் தொட்டுக் காட்டினால் போதும். ஆனால் கம்பியை விட்டால் விழுவார். பையை விட்டால் தங்கம் போகும். துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லாவற்றையும் யோசித்தவர் மூன்றாவது கையைப் பற்றி யோசிக்கவில்லை.

அத்தோடு லுங்கி முடிச்சும் தளர்ந்தது.

"என்ன நெளியறீங்க?" என்றாள் செலின், எதிர் ஜன்னலைப் பார்த்தபடி.

"ஒண்ணுமில்ல."

"லுங்கியைச் சரியாக் கட்டுங்க. எல்லாரும் கட்டிக்கிறாங்கல்ல."

அது உண்மைதான். அந்த ஊரில் நடுத்தெருவில் நின்று லுங்கியை அவிழ்த்து உதறிக் கட்டுவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பர்னபாஸ் பையின் வாரைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் முடிச்சை அவிழ்த்தார். அந்த நொடியில் டிரைவர் பிரேக் போட்டான்.

டக்.

சின்னத் துப்பாக்கி பஸ்ஸின் தரையில் விழுந்து சுழன்று நின்றது.

கண்டக்டரின் கூவல் பாதியில் நின்றது. எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. அந்தக் காலத்தில், அந்த ஊரில், இடுப்பில் துப்பாக்கியை மறைத்துக்கொண்டு பஸ்ஸில் வருகிற சாதாரண உடைக்காரர் யார் என்று யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள். ராணுவ ஆட்சியின் உளவாள் என்ற ஒரே பதில்தான் எல்லோருக்கும் தெரியும்.

செய்தித்தாள் வாலிபன் ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்கினான். கூட்டாளி அவனுக்கு முன்னாலேயே இறங்கியிருந்தான். நிற்க இடமில்லாத பஸ்ஸில் பர்னபாஸைச் சுற்றி ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு இடம் உண்டானது. கீழே உட்கார்ந்திருந்த ஒரு மீன்காரம்மாள் துப்பாக்கியை எடுத்து, பெரியவர்களுக்குக் கொடுப்பதுபோல் இடது கையால் வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டு, தலை குனிந்து நீட்டினாள். அவரைவிடப் பத்து வயதாவது மூத்த ஒருவர் எழுந்து, பர்மிய மொழியில் "உலே, உட்காருங்க" என்றார். பெரியவர் தன்னைச் சித்தப்பா என்று கூப்பிட்டது பர்னபாஸுக்குச் சுருக்கென்றது.

அவர் லுங்கியைக் கட்டி, துப்பாக்கியை வாங்கி மறுபடி செருகிக்கொண்டார், உட்காரவில்லை. செலின் உட்கார்ந்தாள். கழுத்தை நேராக வைத்துக்கொண்டு, மெதுவாக, ராணி மாதிரி உட்கார்ந்தாள்.

பயப்பட வேண்டும் என்றுதான் வாங்கினார். பயந்துவிட்டார்கள். ஆனால் மீன்காரம்மாள் தலை நிமிராமலே நகர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. இது லைட்டர் அம்மா என்று சொல்லிவிடலாமா? சொன்னால் அந்த வாலிபர்கள் அடுத்த நிறுத்தத்தில் திரும்ப ஏறுவார்களா? இப்படி யோசித்துக்கொண்டே, யார் முகத்தையும் பார்க்காமல், தாமுவேவரை நின்றார். கண்டக்டர் காசு கேட்கவில்லை. பர்னபாஸ் இறங்கும்போது அவன் கையில் திணித்துவிட்டு வந்தார். அவன் வாங்கவே பயந்தான்.

ஆனால் ஒன்று. டின் கையில் இருந்தது. விடவில்லை!

வீட்டில் ஜெசி காத்திருந்தாள். பர்னபாஸ் டின்னை மேஜைமேல் வைத்து, துணியை அவிழ்த்து, மூடியைத் திறந்தார்.

முறுக்கு. அவர் அணைப்பிலும் பஸ்ஸின் குலுக்கலிலும் பாதி தூளாகியிருந்தது.

"அக்கா சுட்டது" என்றாள் செலின். "உங்களுக்குப் பிடிக்கும்னு."

நாற்காலியில் உட்கார்ந்து மல்லிகையை எடுத்தாள். கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக உருவினாள். கூந்தல் அவிழ்ந்தது. மேஜைமேல் வளையல்கள் விழுந்தன. பிறகு சங்கிலி, சரசரவென்று. செலின் கழுத்தை இடது பக்கம் திருப்பினாள், வலது பக்கம் திருப்பினாள், பெருமூச்சு விட்டாள்.

"அம்மாடி. தங்கம் என்னா கனம்!"

பர்னபாஸ் முறுக்குத் தூளைப் பார்த்தார்.

"அப்ப நான் எதுக்கு?"

"என்னங்க இப்படிக் கேக்கறீங்க? பஸ் முழுக்க உங்க பையையும் இடுப்பையுந்தானே பாத்துது. என் தலையை யாரு பாத்தா?"

"இடுப்புல இருந்தது உனக்கு எப்படி…"

"செவ்வாக்கிழமையே லத்தீபா சந்தையில சொல்லிட்டா. பெருசு எதையும் குடுத்துடாதே, மனுஷன் லுங்கி இறங்கிப்போயிடும், சின்னதாப் பாத்துக் குடுன்னு நான்தான் சொல்லி விட்டேன்."

ஜெசி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பில் அவள் தோள்கள் குலுங்கின.

"ஒரு தடவைகூட என்னை நம்ப மாட்டியா செலின்?"

"நம்பினேனே" என்றாள் செலின், உண்மையான அன்போடு. "எப்படியும் எதையாவது கீழ போடுவீங்கன்னு முழுசா நம்பித்தானே கூட்டிட்டுப் போனேன்."

அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. தெரு முழுக்க இருண்டது. மேஜைமேல் தங்கம் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. இருட்டில் ஒரு கை வந்து பர்னபாஸின் இடுப்பின் பின்பக்கம் தேடி, துப்பாக்கியை உருவியது. ஒரு சொடுக்கு. முனையில் சின்னத் தீ எழுந்தது. செலின் மெழுகுவத்தியைப் பற்றவைத்தாள். உடனே கையை உதறினாள்.

"அடுத்த தடவை வாங்கும்போது கொஞ்சம் நீளமாப் பாத்து வாங்குங்க. இது கையைச் சுடுது."