கழற்றி மாட்டும் பெஞ்சும் என் கல்யாணமும்

சுலபமாகக் கழற்றக்கூடிய ஒரு பொருளைத் தெருமுனையில் வைத்துவிட்டு, அதை யாரும் கழற்ற மாட்டார்கள் என்று நம்புகிறவர்கள் உலகத்தில் இரண்டு வகை. ஒன்று, வெளியூர்க்காரர்கள். இன்னொன்று, நான். வெளியூர்க்காரர்களையாவது மன்னிக்கலாம். நான் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் நெட்டுக்குப்பம்.

என் தொழில் பெஞ்சு செய்வது. (சிரிக்காதீர்கள். அதற்கும் காலேஜில் படிப்பு இருக்கிறது.) படித்து முடித்ததும் திருவொற்றியூரில் ஒரு பட்டறையில் வடிவமைப்பாளராகச் சேர்ந்தேன். பஸ் நிற்குமிடம், பூங்கா, ஆஸ்பத்திரி வாசல் என்று பொதுஜனம் உட்காரும் இடங்களுக்கெல்லாம் பெஞ்சு செய்து கொடுக்கும் பட்டறை அது. எங்கள் பக்கத்தில் பெஞ்சுகளுக்கு ஆயுசு கம்மி. கடல்காற்றில் உப்பு, மேலே அனல்மின் நிலையத்துச் சாம்பல், அதற்கும் மேலே நாங்கள். ஒரே ஒரு பலகை உடைந்தால் போதும், அதை மாற்ற வழியில்லாமல் மொத்தப் பெஞ்சையும் பிடுங்கி ஓரமாகப் போட்டுவிடுவார்கள். அப்புறம் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் செங்கல்லைத் தேடிப்போய் உட்கார வேண்டியதுதான்.

இதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். இரும்புச் சட்டம் தரையோடு தரையாக நிரந்தரமாக நிற்கும். உட்காரும் பலகையும் முதுகுப் பலகையும் தனித்தனி. எது உடைந்ததோ அதை மட்டும் உருவிவிட்டு வேறொன்றைச் சொருகலாம். ஸ்பேனர் வேண்டாம், ஆள் வேண்டாம், லேசாகத் தூக்கி இழுத்தால் கையோடு வந்துவிடும். பலகை, கொடுங்கையூர்க் குப்பையில் பொறுக்கிய பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்தது. உட்காரும் பலகையில் உடம்புக்கு வாகாக நடுவில் சின்னக் குழி. முதுகுப் பலகையில் காற்றும் மழைத்தண்ணீரும் போக வரிசையாக ஓட்டைகள். எந்தப் பக்கத்தைத் திருப்பிச் சொருகினாலும் உள்ளே போகும். மாட்டுகிறவர் யோசிக்கவே வேண்டாம் என்பது என் தனிப் பெருமை. (மாட்டப்போவது நான்தான் என்று அப்போது தெரியாது.)

இந்த நேரத்தில்தான் செந்தில். ராயபுரத்தில் அவன் அப்பா பெரிய இரும்புக்கடை வைத்திருந்தார். பட்டறைக்கு போல்ட்டு, நட்டு எல்லாம் அங்கேதான் வாங்குவோம். நான் போல்ட்டு வாங்கப் போய்ப் போய், ஒரு கட்டத்தில் தேவையே இல்லாத போல்ட்டெல்லாம் வாங்க ஆரம்பித்தேன். விஷயம் இரண்டு வீட்டுக்கும் தெரிந்தது. செந்திலின் அம்மா சரி என்றார். அப்பா சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. திருச்செந்தூர்ப் பக்கத்து வியாபாரக் குடும்பம்; நாங்களோ கடலுக்குப் போகிற குடும்பம். அவர் மனதில் என்ன ஓடியது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயால் சொல்லவில்லை. கடைசியில் அவர் மகனிடம் சொன்னது இதுதான்:

"எனக்கு ஆள எட போடத் தெரியாதுல. சரக்க எட போடத் தெரியும். அந்தப் பிள்ள செஞ்ச சரக்க மொதல்ல பாப்போம்."

தன் அம்மா பேரில் ஏதாவது தர்மம் செய்ய வேண்டும் என்று அவருக்கு வெகுநாள் ஆசை. செந்தில் சமயம் பார்த்து, நெட்டுக்குப்பம் பஸ் நிற்குமிடத்துக்கு பெஞ்சு போட்டுக் கொடுக்கலாமே என்று திரியைப் பற்றவைத்தான். அவரும் ஒப்புக்கொண்டார். தான் முருகனுக்கு விரதமிருக்கும் கிருத்திகை அன்றே திறப்பு விழாவை வைத்துக்கொள்ளச் சொன்னார். ஆக, என் பெஞ்சில் அவர் உட்காருவார். உட்கார்ந்து பார்த்துவிட்டு என் வாழ்க்கையை முடிவு செய்வார்.

விழாவுக்கு ஒரு வாரம் முன்பே சட்டங்களை நட்டு, பலகைகளைச் சொருகியாயிற்று. தெருவே கூடி நின்றது. என் அம்மா நெட்டுக்குப்பத்தில் மீன் விற்கிறவள். குரலும் அதற்கேற்ற மாதிரி இருக்கும். "எம் பொண்ணு செஞ்சது, வந்து பாருங்கடீ" என்று கூவிக் கூட்டம் சேர்த்தாள். நானும் சும்மா இருந்திருக்கலாம். பலகையை எப்படி உருவுவது, எப்படிச் சொருகுவது என்று எல்லோருக்கும் செய்து காட்டினேன். குழந்தைகூடக் கழற்றலாம் என்று இரண்டு தரம் சொன்னேன். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றும் சொன்னேன்.

கேட்டார்கள். இது தண்ணி குடிக்குமா என்றாள் சித்தி. ஒரு சொட்டுக் குடிக்காது என்றேன். கத்தி பட்டால் பிளக்குமா என்றாள் எதிர்வீட்டு அக்கா. யாராவது பொறுக்கிப் பயல்கள் கத்தியால் பெயர் செதுக்குவதைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, எவ்வளவு கீறினாலும் பிளக்காது என்று மார்தட்டினேன். வெயிலில் போட்டால் வளையுமா, உப்பு ஏறுமா, சோப்பு போட்டுத் தேய்க்கலாமா? ஒவ்வொரு கேள்விக்கும் இண்டர்வியூவில் பாஸாகிற மாதிரி பதில் சொன்னேன். பொதுச்சொத்தின்மேல் எங்கள் ஜனங்களுக்கு இவ்வளவு அக்கறையா என்று அன்று ராத்திரி செந்திலிடம் போனில் நெகிழ்ந்துவேறு போனேன்.

அடுத்த சில நாள் பட்டறையில் வேலை அதிகம்; விடியுமுன் கிளம்பி, இருட்டிய பிறகுதான் வீடு. விழாவுக்கு முந்தின நாள் காலையில்தான் பஸ் நிற்குமிடத்துக்குப் போய்ப் பார்த்தேன். சட்டங்கள் மட்டும் நின்றன. சாப்பிட்டு முடித்த தட்டில் மீன்முள் கிடப்பது மாதிரி, பெஞ்சின் எலும்பு மட்டும் மிச்சம்.

தேட வேண்டிய அவசியமே இல்லை. சந்தைப் பக்கம் திரும்பினால் சித்தி முன்னால் ஒரு பலகை, அதன்மேல் ஒரு சுறா. எதிர்வீட்டு அக்கா முன்னால் இன்னொன்று. நான் பார்த்துப் பார்த்து வைத்த குழி இருக்கிறதே, அதில் மீன் வழுக்காமல் உட்காருகிறதாம். முதுகுப் பலகைகளைக் காணோமே என்று நிமிர்ந்தால், அவை மொட்டைமாடிகளில் இருந்தன. ஓட்டை வழியாகக் கீழிருந்தும் காற்று வருவதால் நெத்திலி இரண்டு பக்கமும் ஒரே சீராகக் காய்கிறதாம். ஒரு வடிவமைப்பாளராக அந்த நேரத்திலும் எனக்கு லேசாகப் பெருமையாக இருந்தது. (அதைத்தான் புத்தி என்பது.)

அம்மாவிடம் ஓடினேன். அவள் முன்னாலும் ஒரு பலகை. இருப்பதிலேயே நல்லதாகப் பார்த்து எடுத்திருந்தாள்.

"இன்னாடி இப்ப? காலைல எவன் பெஞ்சுல ஒக்கார்றான்? சும்மாதான கீது. சாயங்காலம் கொண்டுபோய் சொருவிட்றோம்ல?"

அதாவது என் பெஞ்சுக்கு ஷிப்ட்டு போட்டு வேலை கொடுத்திருந்தார்கள். நாளைக்கு யார் வருகிறார் என்று நினைவிருக்கிறதா என்று அழாத குறையாகக் கேட்டேன். அம்மாவின் முகம் மாறியது. கத்தியைக் கீழே வைத்தாள். நாளைக்குப் பொழுது விடிந்ததும் ஒரு பலகை குறையாமல் இருக்கும், நீ போய் நல்ல புடவையாக எடுத்து வை என்றாள். அப்போதே கிளம்பி வீடு வீடாகப் போனாள்.

சொன்னபடி மறுநாள் எல்லாம் இருந்தன. சோப்பு போட்டுத் தேய்த்து, தேங்காய் எண்ணெய் தடவி, ஒவ்வொரு பெஞ்சுக்கும் அடியில் சாம்பிராணியும் காட்டியிருந்தார்கள். பலகைகள் பளபளத்தன. எனக்கு அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஒரே ஒரு விஷயத்தை நான் கவனிக்கவில்லை. கத்தித் தழும்பு தெரியக்கூடாது என்று எல்லாப் பலகைகளையும் குப்புறத் திருப்பிச் சொருகியிருந்தார்கள். குழி அடியில் போய், மேலே ஒரு சின்ன மேடு வந்திருந்தது.

செந்திலின் அப்பா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறோடு வந்தார். காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் மட்டும். மாலை போட்டு, நடுப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஊர்த் தலைவர் மைக்கைப் பிடித்தார். பிடித்தால் விடமாட்டார்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. மெதுவாக, மிகவும் கௌரவமாக, செந்திலின் அப்பா முன்னால் நகர்ந்துகொண்டிருந்தார். விளிம்புக்கு வந்ததும் ஒரு கையை ஊன்றிப் பின்னால் போனார். மறுபடி வழுக்கினார். மேடு, மேலே தேங்காய் எண்ணெய். மனிதர் என்னதான் செய்வார்? ‘கொடை வள்ளல்’ என்று ஊர்த் தலைவர் சொல்லும்போது இவர் விளிம்பில் இருந்தார். பாராட்டி முடிக்கும்போது பின்னால் போயிருந்தார்.

அப்புறம் பூனைகள் வந்தன. எங்கள் தெருப் பூனைகள் மரியாதை தெரிந்தவை, சாதாரணமாகக் கூட்டத்துக்குள் வராது. அன்று ஒவ்வொன்றாக வந்து நடுப் பெஞ்சுக்கு அடியில் நுழைந்தன. பின்னங்காலில் எழுந்து நின்று பலகையின் அடிப்பக்கத்தை நக்க ஆரம்பித்தன. ஒன்று, தொங்கிய வேட்டி நுனியைப் பிடித்து விளையாடியது. அவர் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அந்த இடத்தில் எந்தப் புத்திசாலியும் மயங்கி விழுந்திருப்பாள். எனக்கோ பலகை திரும்பியிருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. படித்த படிப்பு பொங்கிவிட்டது.

"ஐயா, ஒரு நிமிஷம் எழுந்திருங்க. பலகை மாறியிருக்கு. இதுல அதான் வசதி, ஒரு நொடியில மாத்திடலாம்."

அவர் எழுந்தார். முதுகில், சட்டையோடு ஒட்டிக்கொண்டு, பலகை ஓட்டைகளில் சிக்கியிருந்த நாலைந்து நெத்திலிகளும் எழுந்தன. நான் அதைப் பார்க்கவில்லை. ஊரே பார்க்க, ஒரே இழுப்பில் பலகையை உருவி, திருப்பி, தலைக்குமேல் தூக்கிக் காட்டினேன். குறுக்கும் நெடுக்குமாக வெட்டுத் தழும்பு. தழும்புக்குள் செதில். அவசரத்தில் அந்தப் பக்கத்தை யாரும் கழுவியிருக்கவில்லை. வெயில் பட்டு ஜொலித்தது.

மைக் நின்றது. கிருத்திகை விரதக்காரர் எதன்மேல் உட்கார்ந்திருந்தார் என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. செந்தில் கண்ணை மூடிக்கொண்டான். அப்போது அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நாந்தான் எட்தேன் மொதலாளி. பொண்ணுக்குத் தெரியாது. கட்டைன்னா ஊறிப் பூடுது, இது ஊறவே மாட்டேன்து. எம் பொண்ணு செஞ்சத பெத்தவ நானே எட்க்கலன்னா வேற எவ எட்ப்பா?"

அவர் என் கையிலிருந்து பலகையை வாங்கினார். கட்டைவிரலால் ஒரு தழும்பைத் தடவினார். விரலால் தட்டிச் சத்தம் கேட்டார்.

"எத்தன நாளா வெட்டுதிய?"

"நட்ட மக்யா நாள்லேர்ந்து."

"என்ன மீனு?"

"வஞ்சரம், சங்கரா, சொறா. எது வந்தாலும்."

பலகையை என்னிடம் கொடுத்துவிட்டு, விரலில் ஒட்டிய செதிலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, காரை நோக்கி நடந்தார். பூனைகள் கார்க் கதவு வரைக்கும் கூடவே போய் வழியனுப்பின. உட்கார்ந்து அழலாம் என்று பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அதுவும் வழுக்கியது.

அந்த வாரம் செந்தில் போன் செய்யும்போதெல்லாம் ஒரே சேதிதான். அப்பா பேசவில்லை. எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. செந்தில் இல்லாமல் இனி நான் எந்தக் கடையில் போல்ட்டு வாங்குவேன்? அதைவிட அம்மாவைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது. எல்லாப் பலகைகளையும் தானே கழுவி, சரியான பக்கம் பார்த்துச் சொருகிவிட்டு, பழைய புளியமரக் கட்டையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனாள். கூவாமல் மீன் விற்றாள். உன்மேல் கோபமில்லை என்று நான் சொன்னதற்கு, எனக்கு என்மேல கீதுடி என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் கார் வந்து நின்றது. செந்தில், அவன் அம்மா, கையில் பழத்தட்டு, பின்னால் அவன் அப்பா. என் அப்பா அவசரமாகச் சட்டையைத் தேடினார். அம்மா பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். செந்திலின் அப்பா அதைத் தூக்கினார், கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தார், முகர்ந்தார், பிறகு நிதானமாக உட்கார்ந்தார். சிரிப்பதா கூடாதா என்று தெரியாமல் நாங்கள் நின்றோம்.

"அத்தன வெட்டு வெட்டியும் ஒரு எடத்துல பொளக்கல. முப்பது வருசமா சரக்கு பாக்கேன், இப்படி ஒண்ணு கண்டதில்ல. எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார்.

"பெஞ்சா, பொண்ணா?" என்று கேட்டாள் அம்மா.

"ரெண்டுந்தான்."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையோடு சொன்னாள்: "ஒண்ணு மட்டும் சொல்லிட்றேன். இவ அந்தப் பலகை மாறி இல்ல. புடிக்கலன்னு கயட்டி, வேற ஒண்ணு மாட்ட முடியாது."

அவர் சிரிக்கவில்லை. "மாட்ட மாட்டோம்" என்று மட்டும் சொன்னார். அன்று விரதமில்லை. சங்கராக் குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அந்த மீன் எந்தப் பலகையில் வெட்டியது என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது என் பெஞ்சுகளில் சாவி போட்டால்தான் பலகை கழலும். குழி எந்தப் பக்கம் என்று குருடனுக்கும் தெரியும்படி ஓரத்தில் ஒரு வெட்டு வைத்திருக்கிறேன். அதே பலகையை மீன் வெட்டுவதற்கென்று தனியாக மாமாவின் (செந்திலின் அப்பாதான்) இரும்புக்கடையில் விற்கிறோம். பெஞ்சைவிட அதுதான் வேகமாகப் போகிறது. எந்த வீட்டுக்குப் போனாலும் மாமா நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார். பார்க்கிறவர்கள் மூட்டைப்பூச்சிக்குப் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

செந்திலோடு சண்டை போட்டுக்கொண்டு நான் நெட்டுக்குப்பத்துக்குப் பஸ் ஏறினால், நான் வீடு போய்ச் சேருவதற்குள் மாமா என் அம்மாவுக்குப் போன் செய்துவிடுவார். "பலக வந்து சேந்துட்டா?" என்று கேட்பார். அம்மாவும் ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான் சொல்வாள்:

"வந்துச்சு சம்மந்தி. கய்வி, காய வெச்சி, நல்ல பக்கம் மேல வர்ற மாறி திருப்பி அனுப்பி வெக்கிறேன்."