பூவாடைக்காரி சேலையில் பாய் தைத்தது பற்றி

உடையார்பாளையம்,
1947, மாசி மாதம்.

அரியலூர் ஸ்டேஷனில் உத்தியோகம் பார்க்கும் மாமா வைரக்கண்ணு அவர்களுக்கு, உங்கள் அக்காள் மகள் கமலவேணி வணங்கி எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதச் சொல்லி அம்மா பக்கத்தில் நின்றாள். எழுதிவிட்டேன். இப்போது மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருக்கிறாள். இனி உள்ளதை எழுதுகிறேன்.

நீங்கள் வந்தால் கதவுக்குப் பின்னால் நின்று காபி டம்ளரை மட்டும் நீட்டுகிறவள் நான். நேரில் கேட்க வாய் வராது. யுத்தக் கப்பலில் வேலை பார்த்துவிட்டு வந்த நீங்கள், பாய் கட்டின சின்னப் படகு காற்றிலேயே ஓடும் என்று அப்பாவிடமும் சாமிக்கண்ணு சித்தப்பாவிடமும் சொல்லிவிட்டுப் போனீர்கள். அன்றைக்குப் பிடித்தது எங்களுக்குச் சனி. அறுத்த நெல் களத்தில் கிடக்க, இரண்டு பேரும் மாட்டுக்கொட்டகையில் பலகை இழைத்தார்கள். அடிப்பாகம் வெல்லம் காய்ச்சுகிற கொப்பரை மாதிரி இருக்க வேண்டும் என்றார் அப்பா. "கொப்பரையில ஏறி உக்காந்தா சுத்தும்ண்ணே, போவாது. புளியங்கா மாதிரி ஒல்லியா இருக்கணும்" என்றார் சித்தப்பா. "ஒல்லியா இருந்தா கவுந்துடும்டா. நீ நீந்துவியா?" "நீங்க நீந்துவீங்களா?" இரண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது. நீங்களோ ரயில் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, நாளைக்கு வாடைக்காற்று, படகை இறக்கலாம் என்று கார்டு போடுகிறீர்கள். கார்டு இங்கே வருவதற்குள் அந்தக் காற்று திருச்சியைத் தாண்டியிருக்கும். அதை நம்பி அப்பா, ஓர் இலைகூட அசையாத வெயிலில், சாக்கில் பாய் கட்டின படகைத் துடுப்புப் போட்டு ஏரி நடுவே கொண்டுபோய், குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். கொடியில் காய்ந்த என் தாவணியை எடுக்கப் போனால், "எடுக்காத புள்ள, காத்து பாத்துக்கிட்டிருக்கோம்ல" என்கிறார்.

இதெல்லாம் போகட்டும். சாக்கு காற்றைப் பிடிக்காது, பாய்க்கு நல்ல துணி வேண்டும் என்றார்கள். ரேஷன் கூப்பனுக்குக் கிடைக்கிற துணி அப்பாவின் வேட்டிக்கே போதவில்லை. நம் வீட்டுத் தெய்வமான பூவாடைக்காரிக்குப் படைக்கும் சேலையைப் பெட்டியில் வைத்திருந்து, மறு வருஷம் புதுச்சேலை படைக்கும்போது அதை எடுத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுப்பார்கள் அல்லவா? இந்த வருஷம் என் முறை. மாம்பழ நிறம், அரக்குக் கரை. பள்ளிக்கூடத்தை விட்டு என்னை நிறுத்தினபோதுகூட நான் பேசவில்லை. இதற்குப் பேசினேன். "அது எனக்கு வரவேண்டியதுங்கப்பா" என்றேன். "அவ பெட்டியிலயே கெடந்து சலிச்சிருப்பா. ஏரிக்காத்து வாங்கட்டுமே" என்று சொல்லி, சாக்குத் தைக்கிற ஊசியால் என் கண் முன்னாலேயே தைத்தார். போதாததற்கு, அந்தப் பாய் ஏறின அன்றே காற்று வந்து படகு ஓடித் தொலைத்தது. கரையில் நின்ற பெண்கள், "பூவாடைக்காரி போறாடி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மறுநாள் சூடம் கொளுத்தினார்கள். இப்போது அம்மாவே, "ஊரே கும்புட்ட துணிய எப்படிடி அவுக்கிறது?" என்கிறாள். எனக்கு மட்டும் அது சேலை. மற்ற எல்லோருக்கும் சாமி. தாய்மாமன் கையால் எடுத்துக் கொடுத்தால் யாரும் பேச முடியாது. ஆகையால் கிடைக்கிற ரயிலில் வந்து, பாயைப் பிரித்து, என் சேலையை என் கையில் கொடுத்துவிட்டுப் படகையும் உங்கள் ஊருக்கே கொண்டுபோய்விடவும்.

அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. உங்களுக்கும் வணக்கம்தான், ஆனால் கோபத்தோடு.

கமலவேணி

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து வைத்துவிட்டு ஏரிக்குப் போனேன். படகைக் கரையோரம் விட்டுவிட்டு இரண்டு பேரும் பாய்மரத்தின் உயரம் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. சேலையை அவிழ்க்கத்தான் ஏறினேன். முடிச்சில் கை வைத்ததும் காற்று தள்ளிவிட்டது. தினமும் இவர்கள் கத்துவதைக் கேட்டே சுக்கான் பிடிக்கத் தெரிந்திருக்கிறது எனக்கு. எதிர்க்கரைக்குப் போய்த் திரும்பி வந்தேன். மறுபடியும் போனேன். பாயைப் பிரிக்க வேண்டாம் மாமா. வருவதானால், முன்பக்கம் கட்ட இன்னொரு சின்னப் பாய்க்குத் துணி கொண்டு வரவும். அத்தையின் சேலையாக இருந்தாலும் பரவாயில்லை, கேட்காமல் எடுங்கள்.