பத்து மாடிக்கு ஆதரவாக நான் பேசிய பேச்சு

சொந்த ஊரில் பொய் சொல்லக் கூடாது. தர்ம நியாயம் பார்த்து இதைச் சொல்லவில்லை, வசதி கருதிச் சொல்கிறேன். வெளியூரில் கேட்பவர்கள் யாரோ எவரோ. சொந்த ஊர்க் கூட்டத்தில் உங்களைப் பெற்றவளும் உட்கார்ந்திருக்கக் கூடும்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. எம்.பி.ஏ. முடித்த கையோடு திருச்சியில் ஒரு பில்டர் கம்பெனியில் மார்க்கெட்டிங் வேலையில் சேர்ந்திருந்தேன். (ஸ்ரீரங்கத்துக்கு வரும் வெளியூர்க்காரர்களிடம் கோபுரம் தெரிகிற ஃப்ளாட் வேண்டுமா என்று கேட்பதுதான் வேலை. கோபுரம் தெரியும். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்றால்.) கழுத்தில் அடையாள அட்டை தொங்கியதால், உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடு கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி ஒரு பேரூராட்சியில். (பெயர் வேண்டாம். வீட்டு வரி இன்னும் அங்கேதான் கட்டுகிறோம்.) அங்கே வாய்க்காலை ஒட்டிய வாழைத் தோட்டங்களை வாங்கி, நானூறு வீடுகளோடு பத்து மாடிக் குடியிருப்பு கட்ட எங்கள் கம்பெனி திட்டம் போட்டது. பெயரில் ‘பாரடைஸ்’ என்று வரும். ஊரில் எதிர்ப்புக் கிளம்பவே, பேரூராட்சி மன்றம் விவாதிக்க ஒரு கூட்டம் போட்டு, பொதுமக்களும் வந்து பேசலாம் என்று அறிவித்தது. கம்பெனி தரப்பில் உள்ளூர் ஆள் பேசினால் எடுபடும் என்றார் மேனேஜர். ஆபீஸில் உள்ளூர் ஆள் நான் ஒருத்திதான். அதை என் திறமைக்குக் கிடைத்த அங்கீகாரமாக எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் மூச்சு விடவில்லை. என் அம்மா இன்சூரன்ஸ் ஏஜெண்ட். எதிரே உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசினால் போதும், நல்ல திடகாத்திரமான மனிதனுக்கே நெஞ்சு லேசாக வலிக்கிற மாதிரி இருக்கும். அவளிடம் சொன்னால் நூறு கேள்வி வரும். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மீட்டிங் என்று சொல்லிவைத்தேன். அவளும் துறையூரில் ஒரு கஸ்டமரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் கிளம்பினாள். அவள் தெருமுனை திரும்பியதும் பீரோவைத் திறந்து, அவளுடைய மெரூன் காட்டன் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டேன். அதில்தான் நான் பொறுப்பான பெண்ணாகத் தெரிவேன் என்று ஒரு நம்பிக்கை.

மன்றக் கூடம் நிரம்பி வழிந்தது. முதலில் எங்கள் மேனேஜர் திரையில் படம் காட்டினார். நீலத் தண்ணீர், அதில் அன்னப்பறவைகள், கரையில் சைக்கிள் ஓட்டும் வெள்ளைக்காரக் குழந்தை, பின்னால் பனி மூடிய மலை. அது நம் துறையூர்ப் பக்கத்துப் பச்சைமலையா என்று ஒரு கவுன்சிலர் உண்மையாகவே கேட்டார். பிறகு விவாதம். ஊர் வளர வேண்டாமா என்று மேஜையைத் தட்டிய கவுன்சிலருக்கு ஹார்டுவேர் கடை இருந்தது. இயற்கையை அழிக்கலாமா என்று தழுதழுத்தவருக்கு அடுத்த வயலில் மனைகள் விற்காமல் கிடந்தன. நானூறு வீட்டுக் கழிவுநீர் எங்கே போகும் என்று கேட்ட ஒரே கவுன்சிலரை, நேரமாகிறது என்று தலைவர் உட்கார வைத்துவிட்டார்.

என் முறை வந்தது. கம்பெனி எழுதிக் கொடுத்ததை மட்டும் பேசியிருக்கலாம். கைதட்டல் கொஞ்சம் வந்ததும் தலைகால் புரியவில்லை.

“நான் இந்த ஊர்லயே பொறந்து வளர்ந்தவங்க. அந்த எடத்துல என்னைக்குமே தண்ணி நின்னதில்ல. என் கண்ணால பாத்ததைச் சொல்றேன்.”

கண்ணால் பார்த்தது என் சொந்தச் சரக்கு.

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். அவளைச் சுற்றி எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். துறையூருக்குப் போன என் அம்மா, நிதானமாக நடந்து வந்து மைக்கை வாங்கினாள்.

“வணக்கம் தலைவரே. இப்ப பேசின பொண்ணு கட்டியிருக்கறது என் சேலை. அதை வீட்டுல பேசிக்கறேன். இங்க தண்ணியைப் பத்தி மட்டும் பேசறேன்.”

யாரும் குறுக்கிடவில்லை. மன்றத்தில் பாதிப் பேருக்கு அவள்தான் பாலிசி போட்டவள். யாருக்குச் சர்க்கரை, யாருக்குப் பிரஷர் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவள் செல்போனை எடுத்து மைக்கின் வாயில் வைத்தாள்.

அதற்கு முந்தைய ஐப்பசியில், வீட்டுக்கு வர ஏன் லேட் என்று விளக்க நான் எடுத்து, குடும்ப வாட்ஸ்அப்பில் போட்ட வீடியோ அது. கூடம் முழுக்க என் குரல் கேட்டது.

“அம்மா, வாழத்தோட்டம் பூரா முட்டிக்கு மேல தண்ணி. செருப்பு ஒண்ணு போயிருச்சு. இந்த எடத்துல எருமை கூட நிக்காதும்மா. ஐயோ, பாம்பு…”

அதற்குப் பிறகு வெறும் அலறல். அம்மா அதையும் நிறுத்தாமல் கடைசி வரை ஓடவிட்டாள்.

இது உன் குரலா என்று தலைவர் என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். தண்ணியே நின்னதில்லை என்றாயே என்றார். இரண்டு வருடம் எம்.பி.ஏ. படித்த மூளை கொடுத்த பதில் இது:

“அன்னைக்கு எனக்குக் காய்ச்சல் சார்.”

கூடம் சிரித்து ஓய வெகுநேரம் ஆயிற்று. குறிப்பெடுத்துக்கொண்டிருந்த கிளார்க் மட்டும் சிரிக்கவில்லை. “காய்ச்சல்னு எழுதிக்கட்டுங்களா?” என்று தலைவரைப் பார்த்தார். நான் மேனேஜரைத் தேடினேன். அடிக்காத போனைக் காதில் வைத்தபடி அவர் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தார். தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது.

அம்மாவும் நானும் ஒன்றாகத்தான் வீட்டுக்கு நடந்தோம். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. கூட்டத்துக்கு வருவதாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீ சொன்னாயா என்று திருப்பிக் கேட்டாள். வாசல் கேட்டைத் திறந்தபடியே சொன்னாள்.

“நல்லாத்தான் பேசின பாப்பா. விஷயம்தான் பொய். சேலையை நனைச்சுப் போடு.”

அவமானத்தில் நானே வேலையை விட்டேன். ஊருக்காவது நல்லது நடந்தது என்று எழுத ஆசைதான். மூன்று மழைக்காலம் போவதற்குள் இரண்டு மாடி குறைத்து, ஆள் உயரத்துக்கு மண் அடித்து மேடாக்கி, மன்றத்தின் ஏகமனதான ஒப்புதலோடு பாரடைஸ் எழும்பிவிட்டது. கழிவுநீரைப் பற்றிக் கேட்ட கவுன்சிலர் கூடக் கை தூக்கினாராம். இப்போது அங்கே தண்ணீர் நிற்பதில்லை. எங்கள் தெருவில் நிற்கிறது. பாரடைஸில் குடிவந்தவர்களில் பாதிப் பேருக்கு அம்மாதான் பாலிசி போட்டிருக்கிறாள். கேட்டால், எதிர்ப்பு வேறு, கஸ்டமர் வேறு என்கிறாள்.

எனக்கும் ஒரு நல்லது நடந்தது. அன்று அந்தக் கூடத்தில் சிரித்தவர்களில் ஒரு அம்மாள், அடுத்த வருடம் தன் மகனுக்கு என்னைப் பெண் கேட்டு வந்தார். வீட்டுக்கு ஒரு பேச்சுத் துணை வேண்டும் என்று காரணம் சொன்னாராம். அவர்தான் இன்றைக்கு என் மாமியார்.

போன வாரம் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணம். நான் போய்ச் சேர்ந்தபோது முகூர்த்தம் முடிந்து முதல் பந்தியும் எழுந்துவிட்டது. கொள்ளிடம் பாலத்தில் ஒரே டிராஃபிக் என்று மாமியாரிடம் சொன்னேன். அவர் நாலு பேர் பார்க்கப் புறங்கையை என் நெற்றியில் வைத்துப் பார்த்துவிட்டு, சாப்பிடப் போகச் சொன்னார்.