நாலு மாதம் நூலைக் கடிக்காத தையல்காரர்

தையல்காரருக்கு முன்பல் விழுந்ததிலும் ஒரு பெருமை இருந்தது. முப்பது வருஷமாகக் கத்தரிக்கோலால் நூல் வெட்டாத மனுஷர் அவர். நூலைப் பல்லிடுக்கில் கொடுத்து 'டுக்' என்று ஒரு கடி, வேலை முடிந்தது. அப்படி உழைத்த பல்தான், ஒரு நாள் கோட்டுப் பொத்தான் நூலோடு கூடவே வெளியே வந்துவிட்டது.

புதுப் பல்லைத் தாங்குவதற்காக, பல் டாக்டரம்மா தாடை எலும்பில் ஒரு திருகாணியை இறக்கினார்.

"முன்பக்க எலும்பு காகிதமா இருக்கு. எலும்புத்தூள் வச்சு, மேல சவ்வு போட்டு மூடியிருக்கேன். எலும்பு வளர்றதுக்குள்ள ஈறு புகுந்து இடத்தைப் பிடிச்சிடக் கூடாதில்ல?"

"கோட்டுக்கு உள்துணி கொடுக்கிற மாதிரி!" என்றார் தையல்காரர், புரிந்துகொண்ட மிடுக்கில்.

"அதேதான். நிஜப் பல்லு நாலு மாசம் கழிச்சு. இப்ப வச்சிருக்கிற தற்காலிகப் பல்லு சும்மா சிரிக்க. நூலைக் கடிச்சீங்க, திருகாணி ஆடிடும். அப்புறம் வேற இடத்துல எலும்பை வெட்டி எடுத்துத்தான் வைக்கணும்."

வெட்டு என்றதும் தையல்காரர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். வீட்டுக்கு வருவதற்குள் தேறிவிட்டார்.

"ஏங்க, உங்க கை தானா வாய்க்குப் போகுமே. கடையில வந்து நான் உட்காரட்டுமா?" என்றாள் மனைவி.

"எனக்குக் காவலா? என் வாய்க்கு நானே பூட்டு. தெரிஞ்சுக்கோ!"

"சரிங்க. நூல்கண்டை மட்டும் நானே வாங்கி வச்சிடறேன். உங்களுக்கு எதுக்கு அலைச்சல்?"

மறுநாள் முதல் பொத்தானுக்கே கை நூலை வாய்க்குக் கொண்டுபோய்விட்டது. உதட்டில் பட்டதுதான் தாமதம், காய்ச்சல் மாத்திரையை மென்றது போல ஒரு கசப்பு! துப்பினார். நீல நூலை எடுத்தார். அதுவும் கசந்தது. சிவப்பு அதைவிட மோசம்.

நூல் கடைக்காரரை ஒரு பிடி பிடிக்கலாம். "கசக்குதுன்னு உமக்கு எப்படித் தெரியும்?" என்று அந்த ஆள் கேட்டுவிட்டால்? விஷயம் வீடு வரை வந்துவிடுமே! துருப்பிடித்த கத்தரிக்கோலைத் தேடி எடுத்துச் சாணை பிடித்துக்கொண்டார்.

நாலு மாதம் ஓடியது. டாக்டரம்மா எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "எலும்பு கல்லா இறுகியிருக்கு. உங்களை மாதிரிக் கட்டுப்பாடான ஆளை நான் பார்த்ததே இல்லைங்க!"

புதுப் பல் ஏறியது. தையல்காரருக்கு நடை மாறிவிட்டது. கடையில் நாலு வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே மனைவியைக் கூப்பிட்டார்.

"கேட்டியா? முப்பது வருஷப் பழக்கம், ஒரே நாள்ல விட்டேன். டாக்டரே அசந்துட்டாங்க. மன உறுதின்னா சும்மாவா?"

"உங்களுக்கு இருக்கிற உறுதி யாருக்குங்க வரும்!" என்றாள் அவள், கண் நிறையப் பெருமையோடு. பிறகு ஒரு புது நூல்கண்டை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"இந்தாங்க. இது கசக்காது."