பெட்டிக்குள் போன மாமா

வீட்டுப் படங்கள் எல்லாம் கணினியின் கிராபிக்ஸ் கார்ட்டுக்குள்தான் இருக்கின்றன என்று ஐம்பது வயதுவரை நம்பிய ஒரே ஆள் இந்தக் குடாநாட்டில் நானாகத்தான் இருக்கவேண்டும். அதைக் கழற்றினால் திரையில் படம் இல்லை. ஆகவே படம் அதற்குள். எவ்வளவு நேரான யோசனை, பாருங்கள்!

இதே குடாநாட்டில் அவசரம் என்ற நோய் ஒருநாளும் தொற்றாத ஒரே ஆள், குருநகர் 'பொறும் அண்ணை'. ஞானஸ்நானப் பெயரைக் கேட்டால் "பொறும், சொல்லுறன்" என்பார். இன்னும் சொல்லவில்லை. வள்ளங்களுக்கு எஞ்சின் திருத்தியவர், பிறகு கணினிக்கு மாறினார். பழக்கம் மாறவில்லை. ஸ்குறூ டிறைவரின் ஒரு முனையைக் கணினிப் பெட்டியிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கண்மூடிக் கேட்பார். நல்லூரில் ஒரு ரியூசன் நிலையத்தில், கணினிக்குள் சுற்றும் காற்றாடியின் சத்தம் பிடிபடவில்லை என்று ஒரு வகுப்பையே மூச்சடக்க வைத்தவர்.

எனக்கு ஒரு ரகசிய வியாதி உண்டு. கொக்குவிலில் இருந்துகொண்டே கணினி விளையாட்டில் ஐரோப்பா முழுக்க லொறி ஓட்டுவேன். மலை வந்தால் லொறி சிலையாகிவிடும்; எங்கள் கார்ட்டின் வலு அவ்வளவுதான். கனடாவில் இருக்கும் மச்சான் இரங்கி, தான் பாவித்த, எங்களுடையதைவிட வலுவான கார்ட் ஒன்றை அனுப்பிவைத்தான். கொழும்பில் கலியாணத்துக்குப் போயிருந்த மனைவி சனிக்கிழமை பின்னேர ரயிலில் வருகிறாள். அதற்குள் மாற்றிவிட வேண்டும்.

காலையில் அண்ணை வந்தார்.

"செருப்பைக் கழட்டும். அந்த ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நில்லும். உடம்பிலை நிக்கிற கரண்ட் இறங்கவேணும்."

"எவ்வளவு நேரம் அண்ணை?"

"பொறும்."

முக்கால் மணி நேரம் நின்றேன். பக்கத்து வீட்டுக்காரர் மதிலால் எட்டிப் பார்த்தார். "என்ன, மனிசி உள்ளுக்கை வைச்சுப் பூட்டிப்போட்டுப் போட்டாவோ?"

ஆனால் வேலை என்றால் வேலை. லொறி மலையில் வழுக்கிக்கொண்டு ஏறியது. "உம்மடை பழசு கோயில் கணினிக்கு உதவும், கொண்டுபோகட்டே?" என்றார் அண்ணை. தாராளமாகக் கொடுத்தேன். அதை ஒரு பிஸ்கட் தகர ரின்னுக்குள் வைத்து, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனார்.

தடயத்தை அழிக்க வேண்டுமே! வயர்களைப் பிடுங்கி, பெட்டியைத் துடைத்து, பழையபடி மேசைக்குக் கீழே தள்ளி, வயர்களைச் செருகிக் கணினியைப் போட்டேன். திரை கறுப்பு. மறுபடி போட்டேன். அதே கறுப்பு.

அப்போதுதான் மாமாவின் ஞாபகம் வந்தது. மாமா என்றால் மனைவியின் தகப்பன். இடம்பெயர்வில் ஆல்பங்கள் எல்லாம் போய்விட்டன. யாரோ ஒருவரின் கலியாணப் படத்து மூலையில் நின்ற மாமாவை ஸ்கான் செய்து, வெட்டிப் பெரிதாக்கித் திரை முகப்பில் வைத்திருந்தாள். மூலப்படத்தைக் கறையான் தின்று முடித்துவிட்டது. "படத்தை இன்னொரு இடத்திலையும் போட்டு வையுங்கோ" என்று அவள் சொல்லி மூன்று வருடம். காலையில் லொறி மலை ஏறிய ஆனந்தத்தில், திரை முகப்பில் மாமா நிற்கிறாரா என்று நான் பார்க்கவேயில்லை. இப்போது மாமா பிஸ்கட் ரின்னுக்குள் குருநகர் போய்விட்டார்!

மோட்டார் சைக்கிளை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. ஐரோப்பிய அனுபவம் கைகொடுத்தது. அண்ணை கரையோரம் ஒரு தேத்தண்ணிக் கடையில், பனங்கட்டியைக் கடித்துப் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை! எங்கடை மாமாவைத் தாங்கோ!"

"ஆரை?"

"மாமாவை! உங்கடை ரின்னுக்குள்ளை இருக்கிறார்!"

கடைவாசலில் மீன் விற்ற அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். "எப்ப செத்தவர் தம்பி?"

"பத்துப் பதினைஞ்சு வருசம் அக்கா."

அவர் மீன் கூடையைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

எல்லாவற்றையும் கொட்டி முடித்தேன். கடையே சிரித்தது, அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. "தம்பி, உது படத்தைக் கீறித் திரையிலை காட்டுற சாமான். படம் வைக்கிற சாமான் இல்லை. உம்மடை மாமா பெட்டிக்குள்ளை இருக்கிற டிஸ்க்கிலை சுகமா இருப்பார்."

"அப்ப வாங்கோ அண்ணை, ரயில் வரப்போகுது!"

"பொறும்." பனங்கட்டி முடியும்வரை பொறுத்தேன்.

வீட்டுக்கு வந்து, மேசைக்குக் கீழே குனிந்து, ஒரே ஒரு வயரைப் பிடுங்கிப் பக்கத்தில் செருகினார். திரையில் மாமா வந்தார், வேட்டியைப் பிடித்தபடி. அண்ணை தன் பென்டிறைவில் மாமாவுக்கு ஒரு பிரதி எடுத்து என் சட்டைப் பையில் போட்டார். "உதை அலுமாரியிலை வையும்."

அந்த நேரம் பையோடு மனைவி உள்ளே வந்தாள். "என்ன அண்ணை, கொம்பியூட்டர் பழுதோ?"

நான் கூரையைப் பார்த்தேன்.

"ஒண்டுமில்லைத் தங்கச்சி. கொஞ்சம் தூசி."

குருநகரில் மீன் வாங்கப் போனால் "மாமா சுகமோ?" என்று இன்றும் கேட்கிறார்கள். நடந்தது இவ்வளவுதான்: திரையின் வயரைப் புதிய கார்ட்டில் செருகாமல், பக்கத்திலிருந்த வேறு ஓட்டையில் செருகியது நான். என் மனைவியிடம் அதை அண்ணை இன்றுவரை சொல்லவில்லை.