மூணு பேர்ல ஒருத்தர்தான் போயிருக்கார்

என் உம்மணாமூஞ்சிக்கு,

கர்த்தருக்குள் பிரியமான உங்கள் மனைவி மரியாதையுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். அங்கே உங்கள் நலத்தை விசாரிப்பதுதான் முறை, ஆனால் அங்கே நலத்தைத் தவிர வேறொன்றும் கிடையாது என்று பாஸ்டர் அடக்கத்தன்றே சொல்லிவிட்டதால் விசாரிக்கவில்லை. நம்ம இஸ்திரிக் கடை வழக்கம்போல நடக்குது, கவலைப்பட வேண்டாம். நாலாங்கிளாஸோட நின்னவ எழுத்து கோணலாத்தான் இருக்கும், பொறுத்துக்கங்க. உம்மணாமூஞ்சிங்கிற பேரை வீட்டுக்குள்ள மட்டும்தான் கூப்பிட்டிருக்கேன், இப்ப கடிதாசியிலயே போட்டாச்சு, வேற யாரு படிக்கப்போறா.

விஷயம் என்னன்னா, சபையில தம்பதியர் ஐக்கியத்துலேர்ந்து என்னை எடுத்துட்டாங்க. செயலாளர் வீட்டுக்கே வந்தார், செருப்பைக்கூடக் கழட்டாம வாசல்ல நின்னுக்கிட்டு, "அம்மா, இனிமே நீங்க விதவைகள் ஐக்கியத்துக்குப் போங்க, அங்கதான் உங்களுக்கு ஆறுதலா இருக்கும்"னார். எனக்கு ஆறுதல் வேண்டாம், என் நாற்காலிதான் வேணும்னேன். அவர் மீசையைத் தடவிக்கிட்டு, "சட்டம்னு ஒண்ணு இருக்கில்லம்மா"ன்னார். உங்க தங்கச்சி அடுப்பங்கரையிலேர்ந்து எட்டிப் பாத்து, "அண்ணி, எதுக்கு வம்பு, அவங்க சொல்ற இடத்துல போய் உக்காருங்களேன்"னா. உன் அண்ணனைக் கட்டினப்பவும் எல்லாரும் இதைத்தான் சொன்னீங்க, சொன்ன இடத்துல உக்காருன்னு, நான் எங்க உக்காந்தேன், கடையில அவரோட சமமா நின்னேன்னு சொன்னேன். அவ மறுபடியும் அடுப்புக்கே போயிட்டா.

சனிக்கிழமை சாயங்காலம் நான் கிளம்பிப் போயிட்டேன். நல்ல புடவைதான் கட்டினேன், துக்கப் புடவை இல்ல. நம்ம ஜன்னலோர நாற்காலி ரெண்டுல ஒண்ணை எடுத்து ஓரமா போட்டிருந்தாங்க, அதை இழுத்துட்டு வந்து பழைய இடத்துல போட்டு அதுமேல என் பையை வச்சேன். நம்ம ஐக்கியத்துல இருக்கிற லாரி டிரைவர் லேட்டா வந்து, பையைக் கீழ வச்சுட்டு ஜம்முனு உக்காந்துட்டார். "ஆள் இருக்கு, எந்திரிங்க"ன்னேன். அவர் எந்திரிச்சு நாற்காலியை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பாத்துட்டு, அந்தக் கோடிக்குப் போய் அவர் சம்சாரத்தை ஒட்டிக்கிட்டு நின்னார். போட்டோ எடுக்கிறவர் வேற, "அம்மா, கொஞ்சம் நகருங்க, காலி நாற்காலி படத்துல விழுது"ன்னார். விழட்டும்னேன்.

மாசாமாசம் நடக்கிறதுதான் உங்களுக்குத் தெரியுமே, ஒவ்வொருத்தரும் தன் ஜோடியைப் பத்தி ஒரு குறை, ஒரு நன்றி சொல்லணும், கேக்கிற ஜோடி எதிர்த்துப் பேசாம கண்ணை மூடி ஜெபிக்கணும். என் முறை வந்ததும் எந்திரிச்சேன். செயலாளர் உடனே, "அவர்தான் இல்லையே, யார் கேட்டு ஜெபிக்கிறது"ன்னார். எதிர்த்துப் பேசாம இருக்கணும், அவ்வளவுதானே, இந்த மண்டபத்துல இருக்கிற எல்லாப் புருஷனையும்விட இன்னிக்கு அவர்தான் ஒழுங்குன்னேன். பாஸ்டரம்மா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டாங்க. பாஸ்டர் சிரிக்கலை. "மரணம் பிரிக்கும்வரைன்னுதானேம்மா வாக்குக் குடுத்தீங்க"ன்னார், மெதுவாத்தான் சொன்னார், ஆனா எனக்கு உள்ள சுருக்குன்னுச்சு.

விடுவேனா. "ஐயா, அந்த வாக்கு நீங்க சொல்லச் சொன்னது, நாங்க சொன்னோம். ஆனா மாசாமாசம் இங்க நின்னு நீங்களே என்ன சொல்றீங்க? விசுவாசிங்க கல்யாணம் ரெண்டு பேர் கூட்டு இல்ல, மூணு பேர் கூட்டு, மூணாவது ஆள் கர்த்தர்னு சொல்றீங்களா இல்லையா? அந்த மூணு பேர்ல ஒருத்தர்தான் போயிருக்கார். அவரும் எங்க போனார், அந்த மூணாவது பங்காளி வீட்டுக்குத்தான் போயிருக்கார். நான் இங்க இருக்கேன், கர்த்தர் இங்க இருக்கார். பெரும்பான்மை எங்க பக்கம் இருக்கிறப்போ நீங்க எப்படிக் கூட்டைக் கலைப்பீங்க?"ன்னு கேட்டேன். செயலாளர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார், புரட்டிக்கிட்டே இருந்தார், பாவம். பாஸ்டர் கையை நீட்டி அந்தப் புத்தகத்தை மூடிட்டு, "சொல்லுங்கம்மா, உங்க குறையை"ன்னார்.

சொன்னேன். எங்க வீட்டுக்காரர் கடைசி நாள் காலைலேர்ந்து நெஞ்சைத் தேய்ச்சுக்கிட்டே வேலை பாத்தார், என்னன்னு கேட்டதுக்கு வாயுன்னார், வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லலை, எப்பவும்போல மூஞ்சியை உம்முன்னு வச்சுக்கிட்டே போயிட்டார், இதுதான் என் குறைன்னேன். நன்றி என்னன்னா, தினமும் காலையில இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்றதுக்கு முன்னாடி என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "ஆண்டவரே, ஊரான் துணி, கருகாம பாத்துக்கும்"னு ஜெபிப்பார், அவ்வளவுதான் அவர் ஜெபம், ஆனா ஒருநாளும் என் கையைப் பிடிக்காம ஜெபிச்சதில்லைன்னேன். டிரைவர் சம்சாரம் அவர் சட்டையைப் பிடிச்சு, "உங்களுக்கு எங்கயாவது வலிக்குதா, இப்பவே சொல்லுங்க"ன்னா. "பசிக்குது"ன்னார் அவர்.

முடிவு என்னன்னா, நாற்காலி ரெண்டும் நமக்கே. அடுத்த மாசமும் உங்களைப் பத்திக் குறை சொல்லுவேன், தயாரா இருங்க. அங்க இருக்கிற பரிசுத்தவான்கள் எல்லாருக்கும் என் ஸ்தோத்திரம். அத்தையைப் பாத்தா மருமக கேட்டதாச் சொல்லுங்க, அவங்க பதிலுக்குச் சொல்றதை எனக்குத் தெரிவிக்க வேண்டாம். கர்த்தர் உங்களைக் காப்பாராக, இனிமே அது அவர் பொறுப்பு.

இப்படிக்கு,
உங்க பங்காளி

பின்குறிப்பு: கடை நடக்குதுன்னு எழுதினது பொய். அன்னிக்குச் சாத்தின கடைதான், இன்னும் திறக்கலை. நீங்க விழுந்தப்போ மேசையில இருந்தது பாஸ்டரோட வெள்ளை அங்கி. அங்கியோட வலது கையைத் தேச்சு முடிச்சுட்டு இடது கைக்குத் தண்ணி தெளிச்சீங்க, அதோட சரி. அவரை நான் சபை நடுவுல நிக்க வச்சு அந்தப் பேச்சுப் பேசினேன், மனுஷன் இத்தனை நாளாக் கழுத்து நைஞ்ச பழைய அங்கியைப் போட்டுக்கிட்டுப் பிரசங்கம் பண்றார், ஒரு தடவைகூட என்கிட்ட அந்த வெள்ளை அங்கியைக் கேக்கலை. குடுத்துடணும்னு பின்கதவு வழியா கடைக்குள்ள போறேன், பெட்டி மேல கையை வைக்கிறேன், எடுத்துடறேன். சபையில அவ்வளவு வாய் பேசினவளுக்கு ஒரு அங்கிக் கையைத் தேய்க்க முடியலை. நான் தேச்சுட்டா நீங்க தொட்ட கடைசி வேலை முடிஞ்சுபோகும். அந்த இடது கையை நான் தேய்க்கட்டுமா, வேண்டாமா?